மூளை ஸ்கேன் படத்தில் சிவப்பாகத் தெரிவது என்ன? தெரிந்தவர்கள் வாருங்கள்

வெள்ளவத்தை மலர் (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் தரம் 4. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் லேனுக்குள் புதிதாக ஒரு வகுப்புத் தொடங்கி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். முன்பக்கத்தில் இரண்டு மூளைப் படம். ஒன்று முழுக்க நீலம், கீழே "சாதாரணப் பிள்ளை" என்று இருக்கிறது. மற்றதில் சிவப்பும் மஞ்சளும், அது "பயிற்சி பெற்ற பிள்ளை". நெற்றியில் ஒரு பட்டி கட்டி ஐந்து நிமிடத்தில் "மூளை ஸ்கேன் அறிக்கை" தருவார்களாம். பிள்ளை வலது மூளையா இடது மூளையா என்று அதில் வருமாம், அதைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார்களாம். பக்கத்து வீட்டு அக்கா காசு கட்டிவிட்டார். அம்மாவும் கட்டச் சொல்கிறார்.

நான் படித்தது கணக்கியல். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு சரி. அதனால் அடியிலிருந்தே கேட்கிறேன். மூளை வேலை செய்வதைப் படம் எடுக்க முடியுமா? முடியுமென்றால் அந்தச் சிவப்பு என்ன?

பம்பலப்பிட்டி டீச்சர்

மகள் மலர், வலது இடது கதையை முதலில் முடித்துவிடுவோம். உயர்தர உயிரியல் படிப்பித்த காலம் முழுக்கப் பிள்ளைகளும் பெற்றோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

அது வேரில்லாத கதை இல்லை. 1861 இல் பாரிசில் போல் புரோக்கா என்ற வைத்தியரிடம் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் அவரால் "டான்" என்றுதான் சொல்ல முடியும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்மடலில் சேதம். பேச்சு பெரும்பாலானோருக்கு இடது பக்கத்தை நம்பியிருக்கிறது என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. நூறு வருடம் கழித்து ரொஜர் ஸ்பெரி, கடுமையான வலிப்புக்காக இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையிலுள்ள நரம்புக்கற்றையை வெட்டியவர்களை ஆராய்ந்தார். அதற்கு 1981 இல் நொபெல் பரிசு. ஆக, இரண்டு பக்கமும் சில வேலைகளைப் பங்கு பிரித்துச் செய்கின்றன, சரி.

ஆனால் அதை வைத்து ஒரு பிள்ளையை "வலது மூளைக்காரி" என்று சொல்ல முடியாது. 2013 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை இதற்காகவே ஆராய்ந்தார்கள். மொழி போன்ற சில வலைப்பின்னல்கள் இடப்பக்கம் சாய்கின்றன, கவனம் போன்ற சில வலப்பக்கம் சாய்கின்றன. ஒருவருடைய முழு மூளையும் ஒரு பக்கம் ஓங்கி நிற்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் இப்படி ஒரு முத்திரை குத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. "நான் வலது மூளை, எனக்குக் கணக்கு வராது" என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டால் யார் திருத்துவது?

காந்தஅறை நிரோ

மலர் அக்கா, நான் கொழும்பில் ஒரு எம்.ஆர்.ஐ. அறையில், அதாவது பெரிய காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படம் எடுக்கும் அறையில், வேலை செய்கிறேன். நெற்றிப் பட்டியால் எந்த ஸ்கேனும் எடுக்க முடியாது. அது அதிகம் போனால் ஈ.ஈ.ஜி., அதாவது தலைக்கு மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பிடிப்பது. ஜெர்மனியில் ஹான்ஸ் பேர்கர் 1924 இல் மனிதரில் முதன்முதலாகப் பதிவு செய்த முறை. நல்ல முறைதான். மில்லி செக்கன் கணக்கில் மாற்றத்தைக் காட்டும். ஆனால் வலிப்பு என்று சந்தேகித்து வைத்தியசாலையில் எடுக்கும்போது தலை முழுக்க இருபது அளவில் மின்வாய்களைக் களிம்பு பூசி ஒட்டுவார்கள். நெற்றியில் மட்டும் இரண்டை வைத்தால் கண் சிமிட்டுவதும் நெற்றித் தசை இறுகுவதும்தான் பெரிய அலையாக வரும். அதிலிருந்து நிறம் நிறமாக மூளையின் ஆழம் வரை படம் வரைய வழியே இல்லை. அந்த நோட்டீசில் இருப்பது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம்.

உண்மையான எம்.ஆர்.ஐ. எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாசலில் தாலிக்கொடி, காப்பு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றச் சொல்வோம். எல்லோரும் மறப்பது சேலை மடிப்பில் குத்திய ஊசியையும் அரையில் கட்டிய தாயத்தையும்தான். தாயத்துக் கூடு இரும்பாக இருந்தால் உள்ளே காலடி வைத்ததுமே இழுபடும். காந்தம் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு. இரவில் அறையைப் பூட்டிவிட்டுப் போனாலும் அது அணையாது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்கள் மறை 269 (-269) பாகை செல்சியசில், திரவ ஈலியத்தில் கிடக்கின்றன.

தலையைக் கூடு போன்ற ஒன்றுக்குள் வைத்து, காதை அடைத்து, குழாய்க்குள் அனுப்புவோம். பிறகு டக் டக் டக் என்று இடிக்கத் தொடங்கும். உள்ளே வேறு சில சுருள்களுக்கு மின்சாரம் மாறி மாறிப் போகும்போது அவை அதிர்கிற சத்தம் அது, 100 டெசிபலைத் தாண்டும். அவ்வளவு சத்தத்திலும் தலை ஆடக்கூடாது. எச்சில் விழுங்கும்போது ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலே படத்தில் தெரியும்.

நாங்கள் அன்றாடம் எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். கட்டி இருக்கிறதா, அடைப்பா, கசிவா என்று பார்க்க. நிறப்படம் வேறு வேலை. குமரன் அண்ணா அந்தத் தரவோடு வேலை செய்தவர், அவர் வந்து சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனைக் குமரன்

நன்றி தம்பி. மலர் அக்கா, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவையோ சிந்தனையையோ நேரே படம் எடுக்கும் கருவி உலகத்தில் இல்லை. தம்பி சொன்ன நிறப்படத்தை எடுக்கும் முறைக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. என்று பெயர். அது பார்ப்பது இரத்தத்தை. மூளையில் ஓரிடத்தில் நரம்புக்கலங்கள் கூடுதலாக வேலை செய்தால் அந்த இடத்துக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தத்தின் ஓட்டம் கூடும். இது பழைய அறிவு. 19 ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அஞ்சலோ மொஸ்ஸோ என்பவர், மண்டையோட்டில் துளை விழுந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பை அந்தத் துளை வழியாகவே பதிவு செய்தார். கோயில் மணி அடித்தபோது மூளைத் துடிப்பு எழும்பியது, கையில் அப்படி எதுவும் இல்லை. 1890 இல் இங்கிலாந்தில் ரோயும் ஷெரிங்டனும், மூளை தன் வேலைக்கு ஏற்ப அந்தந்த இடத்தின் இரத்தோட்டத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார்கள்.

அடுத்த துண்டு வேதியியலிலிருந்து வந்தது. 1936 இல் லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கோரியெலும், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஆராய்ந்து, ஒட்சிசனோடு சேர்ந்த ஈமோகுளோபினும் ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபினும் காந்தத்துக்கு வேறு வேறாக நடந்துகொள்கின்றன என்று கண்டார்கள். 1990 இல் அமெரிக்காவில் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. கருவியாலேயே பிடிக்கலாம் என்று எலிகளில் காட்டினார். 1992 இல் மனிதரில். ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை, நம் இரத்தமே அடையாளப் பொருள். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் பெரிய வியப்பு. அதற்கு முன் பெட் ஸ்கேனில் கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றித்தான் இரத்தோட்டத்தைப் பார்த்தார்கள்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். காலி வீதியில் எந்த வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் அதிகம் இறங்குகிறது என்று பார்த்து, எந்த வீட்டில் சமையல் கூட நடக்கிறது என்று ஊகிக்கலாம் இல்லையா? எஃப்.எம்.ஆர்.ஐ.யும் அந்த மாதிரி ஊகம்தான். என்ன கறி வைத்தார்கள் என்று சிலிண்டர் சொல்லாது. சிலிண்டர் வருவதும் தாமதம்: நரம்புக்கலங்கள் மில்லி செக்கன்களில் வேலையை முடித்துவிடும், இரத்தோட்டம் உச்சத்துக்கு வர ஐந்து, ஆறு செக்கன் ஆகும். இடமும் நுணுக்கமில்லை. வழமையாக ஒரு புள்ளி என்பது இரண்டு மூன்று மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரம். அதற்குள் பல இலட்சம் நரம்புக்கலங்கள் இருக்கும். மூளை முழுக்க சுமார் 8,600 கோடி.

கிடைக்கும் சமிக்ஞை மாற்றமோ ஒன்று இரண்டு சதவீதம்தான், சில வேளை அதிலும் குறைவு. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆளை உள்ளே படுக்க வைத்து, உதாரணத்துக்கு, அரை நிமிடம் முகங்களைக் காட்டுவார்கள், அரை நிமிடம் வீடுகளைக் காட்டுவார்கள், திரும்பவும் முகம், திரும்பவும் வீடு. இரண்டு செக்கனுக்கு ஒரு முழு மூளைப் படம். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புள்ளிவிபரச் சோதனை: முகத்தின்போதும் வீட்டின்போதும் இருந்த அளவுகளின் வேறுபாடு தற்செயலா, இல்லையா? தற்செயல் இல்லை என்று கணக்குச் சொன்ன புள்ளிகளுக்கு மட்டும் கணினி சிவப்பு, மஞ்சள் பூசி, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் வைக்கிறது.

ஆகவே சிவப்பு என்பது சூடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரு கழித்தலின் விடை. நிறமில்லாத இடம் தூங்குகிறது என்றும் பொருளில்லை, இரண்டு நேரத்திலும் அது ஒரே அளவில் வேலை செய்திருக்கலாம். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. கண்ணை மூடிச் சும்மா கிடந்தாலும் அந்தச் செலவு பெரிதாகக் குறையாது. சும்மா கிடக்கும்போதுதான் கூடுதலாக வேலை செய்கிற ஒரு வலைப்பின்னலை மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவும் 2001 இல் விவரித்தார்கள். "நாம் மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோம்" என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த மூளைப் படத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள், அக்கா: எதோடு எதை ஒப்பிட்டு? உங்கள் நோட்டீசில் அதற்குப் பதில் இருக்காது.

வாசிகசாலை ரவி

குமரன், நீங்கள் மிகவும் மென்மையாகச் சொல்கிறீர்கள். எனக்கு இந்தத் துறை மீதே நம்பிக்கை இல்லை. 2009 இல் கிரெய்க் பெனெட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு செத்த சமன் (சால்மன்) மீனை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள்" என்று கேட்டார். கணக்குப் போட்டால் செத்த மீனின் மூளையிலும் சில புள்ளிகள் சிவப்பாக வந்தன! 2016 இல் சுவீடனைச் சேர்ந்த எக்லுண்டும் கூட்டாளிகளும், உலகம் முழுக்கப் பாவிக்கும் மென்பொருள்களின் ஒரு வகைக் கணக்கு சில நிலைமைகளில் 70 சதவீதம் வரை பொய்யான முடிவுகளைத் தரலாம் என்று காட்டினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் மண்டை மேட்டைத் தடவிக் குணம் சொன்னார்கள். இது அதற்கு நிறம் பூசியது மாதிரி இருக்கிறது. காதலுக்கு ஓரிடம், பேராசைக்கு ஓரிடம், கடவுளுக்கு ஓரிடம் என்று பத்திரிகையில் வராத கிழமை இல்லை.

தெமட்டகொடை ஃபாரிஸ்

மீன் கதை எனக்கு உடனே விளங்கியது, மென்பொருள்தான் என் வேலை. மூளையில் ஒரு இலட்சம் புள்ளி என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 5 சதவீதப் பிழையை அனுமதித்தால், ஒன்றுமே நடக்காவிட்டாலும் 5,000 புள்ளி சிவப்பாகும். பல சோதனைகளுக்கான திருத்தம் செய்யாவிட்டால் மீனும் யோசிக்கும். பெனெட் அந்தத் திருத்தத்தைச் செய்ததும் மீனின் புள்ளிகள் மறைந்துவிட்டன, அதையும் அவரே காட்டினார். ரவி நானா, அப்படியென்றால் அது துறைக்கு உள்ளேயிருந்து வந்த எச்சரிக்கை, இல்லையா?

கொட்டாஞ்சேனைக் குமரன்

ஃபாரிஸ் சொன்னதுதான். ரவி அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, நான் இன்னும் இரண்டு சேர்க்கிறேன். 2020 இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி வழியில் கணக்குப் போடவில்லை, பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துப்போகவில்லை. 2022 இல் ஸ்கொட் மாரெக்கும் குழுவும் ஏறத்தாழ 50,000 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து, ஒருவருடைய மூளை அமைப்பை அவருடைய அறிவாற்றல், மனநிலை போன்றவற்றோடு பொருத்துவதற்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்றார்கள். அந்த வகை ஆய்வுகளில் வழமையாக இருந்ததோ 25 பேர் அளவில். "ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து அவளுடைய திறமையைச் சொல்கிறேன்" என்பது இதனால்தான் பொய். நல்ல கருவி, நல்ல ஆய்வாளர், பெருந்தொகை ஆட்கள் இருந்தும் அந்தத் தொடர்பு மிக மெல்லியது.

ஆனால் எல்லாக் கேள்வியும் அந்த வகைக் கேள்வி இல்லை. முகத்தைப் பார்க்கும்போது மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், ஒரு சிறு பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்று நான்ஸி கன்விஷர் 1997 இல் காட்டினார். அதை உலகத்தில் எந்த ஆய்வுகூடத்தில் செய்தாலும், பெரும்பாலும் ஒரே ஆளில்கூட, காணலாம். 2012 இல் ஸ்டான்ஃபோர்ட்டில், வலிப்பு அறுவைக்காக மூளைமேல் மின்வாய் வைத்திருந்த ஒரு நோயாளிக்கு அந்த இடத்தில் இலேசாக மின்சாரம் கொடுத்தார்கள். எதிரே நின்ற வைத்தியரின் முகம் உருமாறி வேறு ஆளாகிவிட்டது என்றார் அவர். உடுப்பில் எந்த மாற்றமும் இல்லையாம். இரத்தோட்டப் படம் "இங்கே ஏதோ நடக்கிறது" என்றது. மின்சாரம் "இங்கே தொட்டால் முகம் மாறும்" என்றது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும்போது அதை மண்டைமேட்டு சோதிடத்தோடு வைத்துப் பேசுவது நியாயமில்லை.

நீங்கள் கோபப்பட வேண்டியது பின்னோக்கிய ஊகத்தின் மீது. அமிக்டலா என்பது மூளைக்குள் இருக்கும் ஒரு சிறு பகுதி. "பயந்தால் அமிக்டலா வேலை செய்யும், இவருக்கு அமிக்டலா வேலை செய்தது, ஆகவே இவர் பயந்தார்." ரஸ்ஸல் போல்ட்ராக் 2006 இலேயே இந்தத் தர்க்கம் ஏன் ஓட்டை என்று விளக்கி எழுதினார். அமிக்டலா மகிழ்ச்சிக்கும் புதுமைக்கும் வேலை செய்யும். பத்திரிகையில் வரும் காதல், பேராசைச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டை வழியாக வந்தவை.

வாசிகசாலை ரவி

முக ஆய்வில் மின்சாரம் கொடுத்த பகுதி எனக்குத் தெரியாத விஷயம். அதை ஏற்கிறேன். பத்திரிகைகள் மீதான கோபம் அப்படியே இருக்கிறது.

யாழினி

நான் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று கேட்க வேண்டும். என் தம்பி விபத்துக்குப் பிறகு கண் திறந்து இருக்கிறான், ஆனால் எங்களை அறிகிற மாதிரித் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே இருப்பார். அவனுக்குக் கேட்கிறதா என்று ஸ்கேன் சொல்லுமா?

கொட்டாஞ்சேனைக் குமரன்

யாழினி, தெரிந்ததை நேராகச் சொல்கிறேன்.

2006 இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்பவரின் குழு இந்தக் கேள்வியோடுதான் ஸ்கேனரை அணுகியது. 23 வயதுப் பெண், வீதி விபத்து. ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லை. உள்ளே வைத்து, "டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். கை கால் அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. "உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதிகள் வேலை செய்தன. சுகதேகிகளைப் போலவே. டென்னிஸ் என்ற சொல் தானாக எழுப்பியது என்று சிலர் வாதாடினார்கள். ஆனால் ஓய்வெடுக்கச் சொல்லும் வரை, அரை நிமிடம் அளவுக்கு, அது தொடர்ந்து நின்றது. ஒரு சொல்லைக் கேட்ட அதிர்வு அவ்வளவு நேரம் நிற்காது. 2010 இல் 54 நோயாளிகளைப் பார்த்ததில் 5 பேர் இப்படிச் செய்தார்கள். அவர்களில் ஒருவர் டென்னிஸ் என்றால் ஆம், வீடு என்றால் இல்லை என்று வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். 2024 இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளை சொன்னால் வெளியே தெரியும்படி எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர் எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ ஈ.ஈ.ஜி.யிலோ கட்டளையைப் பின்பற்றினார்கள். நாலில் ஒருவர்.

ஆனால் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனையில் பதில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொல்லலாம். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நேரம் அயர்ந்திருக்கலாம், மொழி விளங்காமல் போயிருக்கலாம், கவனத்தை அரை நிமிடம் பிடித்து வைக்க முடியாமலிருக்கலாம். வழமையான வைத்திய ஸ்கேனில் இதை எடுப்பதில்லை, விசேட ஏற்பாடு வேண்டும். உங்கள் நரம்பியல் வைத்தியரிடம் கேளுங்கள். தம்பி கண்ணால் எதையாவது பின்தொடர்கிறாரா என்று முகம் பார்க்கும் கண்ணாடியை முகத்துக்கு முன் மெதுவாக நகர்த்திப் பார்ப்பது நரம்பியலில் உள்ள ஒரு நல்ல சோதனை. அதை வெவ்வேறு நேரங்களில் பலமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மா கதைக்கட்டும். அதை நிறுத்தச் சொல்ல எந்த ஆய்வும் காரணம் தரவில்லை.

யாழினி

நன்றி அண்ணா. கண்ணாடி விஷயத்தை நாளைக்கே கேட்கிறேன்.

புதுக்கடைச் சட்டத்தரணி

யாழினி, உங்கள் தம்பிக்காக வேண்டிக்கொள்கிறேன்.

வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. மனதை வாசிக்கலாம் என்றால் நாளைக்கு ஒரு பொலிஸ் நிலையம் இதைக் கையில் எடுக்கும். 2008 இல் இந்தியாவில் புனே நீதிமன்றமொன்று ஒரு கொலை வழக்கில் ஈ.ஈ.ஜி. மூலம் எடுத்த "மூளைக் கையொப்ப"த்தையும் ஆதாரங்களில் ஒன்றாக ஏற்றுக் குற்றவாளி என்று தீர்த்தது. 2010 இல் இந்திய உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதமில்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்துவதாகும் என்று தடுத்தது. நாங்கள் இங்கே அந்தத் தீர்ப்பை அக்கறையோடு படிக்கிறோம். தடுப்புக்காவலில் எழுதி வாங்கிய வாக்குமூலங்களை வைத்து எத்தனை இளைஞர்கள் உள்ளே இருந்தார்கள் என்று இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. உண்மையில் பொய்யைக் கண்டுபிடிக்குமா?

கொட்டாஞ்சேனைக் குமரன்

ஆய்வுகூடத்தில், ஒத்துழைக்கும் மாணவர்களில், ஓரளவுக்கு. 2011 இல் கணிஸும் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். தகவலை மறைத்தவர்களை முதலில் நூறு சதவீதம் சரியாகப் பிடித்தார்கள். பிறகு அதே ஆட்களுக்கு, வெளியே தெரியாமல் ஒரு விரலை அசைப்பது போன்ற ஒரு சிறு தந்திரத்தைப் பழக்கியதும் சரியளவு 33 சதவீதத்துக்கு விழுந்தது. அமெரிக்காவில் செம்ராவ் என்பவரின் வழக்கில் எஃப்.எம்.ஆர்.ஐ. பொய்ச் சோதனையைச் சாட்சியாக ஏற்க நீதிமன்றம் மறுத்தது, 2012 இல் மேன்முறையீட்டிலும் அதே முடிவு. அங்கேயும் அதே கேள்விதான் ஐயா: பொய்யை எதோடு ஒப்பிட்டார்கள்? காசுக்கு விளையாட்டுப் பொய் சொன்ன மாணவனையும் உயிர்ப்பயத்தில் உண்மை சொல்கிற கைதியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தெமட்டகொடை ஃபாரிஸ்

செயற்கை நுண்ணறிவு எஃப்.எம்.ஆர்.ஐ.யிலிருந்து வசனமே எழுதிவிட்டது என்று படித்தேனே?

கொட்டாஞ்சேனைக் குமரன்

2023, டெக்சாஸ் பல்கலைக்கழகம். மூன்று பேர், ஒவ்வொருவரும் 16 மணித்தியாலம் ஸ்கேனருக்குள் கதை கேட்டுக் கிடந்தார்கள். அதன்பின் அவர்கள் கேட்கும் புதுக் கதையின் சாரத்தைக் கணினி எழுதியது, சொல்லுக்குச் சொல் இல்லை. ஒருவரில் பழக்கிய கணினி இன்னொருவரில் வேலை செய்யவில்லை. கேட்கிறவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாலோ வேறு கதை நினைத்தாலோ அது குழம்பிவிட்டது. சம்மதமில்லாத ஆளிடம் இப்போதைக்கு முடியாது. "இப்போதைக்கு" என்பதால் சட்டத்தரணி ஐயாவின் கவலை நியாயமானது. சட்டம் முன்கூட்டியே வர வேண்டும்.

பம்பலப்பிட்டி டீச்சர்

தம்பி குமரன், எனக்கு நெடுநாளாக ஒரு ஆசைக் கேள்வி. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், விளையாட்டில் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம். மூன்றும் மூளையில் ஒரே இடத்திலா இருக்கின்றன?

கொட்டாஞ்சேனைக் குமரன்

1997 இல் நியூயோர்க்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். சிறு வயதிலேயே இரண்டு மொழியும் பழகியவர்களுக்குப் புரோக்கா பகுதியில் (நீங்கள் முதலில் சொன்ன இடது முன்மடல் பேச்சுப் பகுதி) இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. வளர்ந்தபின் இரண்டாவதைப் படித்தவர்களுக்கு அருகருகே தனித்தனியாக. பாடப்புத்தகங்கள் வரை போன முடிவு, ஆனால் ஆட்கள் 12 பேர்தான். பிறகு வந்த ஆய்வுகளில் எந்த வயதில் படித்தார் என்பதைவிட எவ்வளவு நன்றாக வரும், எவ்வளவு பாவிக்கிறார் என்பது முக்கியமாகத் தெரிந்தது.

கொழும்பு இதற்கு எவ்வளவு பொருத்தமான ஊர் டீச்சர்! ஒரே வீதியில் மூன்று மொழியையும் வேறு வேறு வயதில், வேறு வேறு அளவில் பழகியவர்கள் இருக்கிறார்கள். மூன்று எழுத்துகளும் மூன்று வடிவம். லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி வாசிக்கப் பழக்கி, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து 2017 இல் வெளியிட்டார்கள். பார்வையோடு தொடர்புள்ள ஆழமான பகுதிகளின் தொடர்பாடல்கூட மாறியிருந்தது. அப்படியொன்றை இங்கே செய்ய எனக்கும் ஆசை.

கஷ்டம் ஒப்பீட்டில் இருக்கிறது. தமிழ்க் கதை கேட்கும்போது வரும் சமிக்ஞையிலிருந்து எதைக் கழிப்பது? அமைதியைக் கழித்தால் வெறும் கேட்டல் எல்லாம் மொழி மாதிரி வந்து நிற்கும். அதே கதையைப் பின்னோக்கி ஓடவிட்டுக் கழிக்கலாம். அது பலரும் செய்கிற வழி.

தெமட்டகொடை ஃபாரிஸ்

பின்னோக்கி ஓடவிட்டால் மனிதர் வாயால் வராத சத்தங்கள் வரும். யாருக்கும் தெரியாத ஒரு மொழியை வையுங்கள், ஆனால் அதே குரல் பேச வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அரபு மட்டும் வேண்டாம். அர்த்தம் விளங்காவிட்டாலும் ஓதி ஓதிக் காதில் பதிந்த மொழி அது, அந்நிய மொழியாகக் கணக்கில் எடுக்க முடியாது.

பம்பலப்பிட்டி டீச்சர்

அப்படியென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமஸ்கிருதமும் வேண்டாம். கோயிலில் கேட்டே வளர்ந்தவர்கள். சிங்களப் பிள்ளைகளையும் சேர்த்தால் பாளியும் கூடாது.

காந்தஅறை நிரோ

அண்ணா, பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். எட்டு ஒன்பது வயதில் அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடக்கமாட்டார்கள். வெளிநாடுகளில் காந்தம் இல்லாத போலி ஸ்கேனர் ஒன்றில், பதிவு செய்த சத்தத்தைப் போட்டு, முதலில் பழக்குகிறார்கள். அந்தப் போலி ஸ்கேனரைப் பலகையால் செய்தாலும் போதும்.

கொட்டாஞ்சேனைக் குமரன்

பெரியவர்களில் தொடங்குவோம் தம்பி. டீச்சர் சொன்ன பாளி, சமஸ்கிருதம், ஃபாரிஸ் சொன்ன அரபு மூன்றையும் வெட்டிவிட்டேன். மூன்று சமூகத்துக்கும் ஒரே அளவில் அந்நியமான மொழி ஒன்று வேண்டும், அதே குரலில் பேச ஆளும் கிடைக்க வேண்டும். ஹங்கேரிய மொழியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.